அறுபத்து மூன்றில் தொடங்கிய டிஸ்க்

போன மாதம் சுமதி போன் செய்தாள். நான் விட்டுவிட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்து வேலை பார்ப்பவள்.

"சார், டிஸ்க்கப் பிரிக்க வந்திருக்கற புது சிடியில ஒரு பட்டை மாதிரி வருது. மவுஸால புடிச்சி இழுத்தா பார்ட்டிஷன் பெருசாவுது, தள்ளுனா சின்னதாவுது. அவ்ளோதான் வேலை. நீங்களும் மேடமும் இதுக்குப் போயி சிதம்பரத்துல ஒரு நாள் பூரா ஒக்காந்திருந்தீங்களாமே, ஏன் சார்?"

"மேடத்தையே கேக்கறதுதானம்மா?"

"கேட்டேன். 'பெருமாள் சார கேளு, அவருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்'ன்னுட்டாங்க."

போனிலேயே சொல்லிப் பார்த்தேன். பாதியில் எனக்கே எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று குழம்பிவிட்டது. எழுதினாலாவது வரிசைக்கு வருமா என்று பார்க்கிறேன்.

என் பெயர் கலியபெருமாள். புவனகிரிப் பக்கம் விவசாயக் குடும்பம். டைப்ரைட்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டு கடலூருக்கு வந்தவன். நான் வேலை பார்த்த மஞ்சக்குப்பம் கம்பெனி கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு மாறியபோது நானும் கூடவே மாறினேன். ஐம்பதை நெருங்கிய வயதில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தேன். திருகாணியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, திரைக்குள் இருக்கும் எதுவும் பொருளாகவே தெரியவில்லை. அந்த முதல் இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. எல்லாரும் சொன்னதற்குத் தலையாட்டினேன்.

2004இல் கிரேஸ் மேரி மேடம் சர்வீஸ் மேனேஜராக வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கடலூர் முதுநகர்க்காரர். என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார், ஆனால் வேலையில் அண்ணன் தம்பி எதுவும் கிடையாது. அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கட்டளையை டைப் செய்து முடித்ததும் என்டர் அடிக்க மாட்டார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். பிறகு திரையில் உள்ளதை எழுத்து விடாமல் சத்தமாகப் படிப்பார். படித்துவிட்டு என்னைக் கேட்பார்:

"இப்ப என்டர் அடிச்சா என்னா நடக்கும், சொல்லுங்கண்ணே."

நான் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்ன பிறகுதான் கை வெளியே வரும். வாடிக்கையாளர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிலர், "என்னாம்மா, ஜெபம் பண்றீங்களா?" என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். அவர் அடுத்த எழுத்தைப் படிப்பார்.

என் முதல் குழப்பம் எண்பது ஜிபி டிஸ்க். பெட்டியின் மேல் எண்பது என்று அச்சடித்திருக்கிறது. மாட்டிப் பார்த்தால் எழுபத்து நாலு சொச்சம் என்கிறது கம்ப்யூட்டர். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன்.

"எங்க மேடம் போச்சு மீதி?"

"எங்கயும் போவலண்ணே. டிஸ்க் செய்யறவன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான். மிஷினு ஆயிரத்து இருபத்து நாலு, ஆயிரத்து இருபத்து நாலா எண்ணுது. அதான் கம்மியா தெரியுது."

"அப்ப எது சரி?"

"ரெண்டும் சரி."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இந்த 'ரெண்டும் சரி' என்னைத் தொந்தரவு செய்தது. ஒரே பொருளுக்கு இரண்டு அளவு, இரண்டும் சரி என்றால், ஒருவர் ஒரு அளவில் சொல்லி மற்றவர் இன்னொரு அளவில் வெட்டினால் என்ன ஆகும்? மறுநாள் காலையில் இதைக் கேட்டேன். மேடம் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுதாண்ணே இந்த வேலையில இருக்கற மொத்த பயமும்," என்றார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு டிஸ்க்கைப் பல அறைகளாகத் தடுத்து வைத்திருப்பார்கள். அந்த அறைக்குப் பெயர்தான் பார்ட்டிஷன். அறைக்குள் பைல்களை அடுக்கி வைக்கும் ஏற்பாடு தனி. அதற்குப் பைல் சிஸ்டம் என்று பெயர். தடுப்பு வேறு, அடுக்கு வேறு. விண்டோஸுக்குப் பதிலாகச் சிலர் வைத்திருந்த லினக்ஸில், அந்தக் காலத்தில் இரண்டையும் நாம்தான் தனித்தனியாக மாற்ற வேண்டும். வரிசை தவறினால் போச்சு.

மேடம் எனக்கு இதை ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அங்கே ஒரு பார்ட்டிஷனைச் சின்னதாக்க வேண்டியிருந்தது.

"நடுவுல இருக்கற தட்டிய நவுத்தறோம்னு வெச்சுக்குங்க. ரூமு சின்னதாவப் போவுது. மொதல்ல என்னா செய்வீங்க?"

"சாமானையெல்லாம் இந்தப் பக்கம் ஒதுக்குவேன்."

"ஒதுக்கிட்டு?"

"தட்டிய நவுத்துவேன்."

"ரூம பெருசாக்கணும்னா?"

"மொதல்ல தட்டி. அப்புறம் சாமான பரத்தலாம்."

"அவ்ளோதான். சின்னதாக்க உள்ள இருந்து வெளிய. பெருசாக்க வெளிய இருந்து உள்ள. இத மாத்திச் செஞ்சா தட்டி சாமான் மேலயே விழும்."

அதிலும் ஒரு நுணுக்கம் வைத்திருந்தார். இருபது ஜிபி வேண்டுமென்றால் அடுக்கைப் பதினெட்டுக்குச் சுருக்குவார். பிறகு தடுப்பை இருபதில் வைப்பார். அதன்பின் அடுக்கைத் தடுப்பு வரைக்கும் விரித்துவிடுவார். எந்த அளவுகோல் எதை எப்படி எண்ணினாலும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கும், எதுவும் வெட்டுப்படாது. இதற்கெல்லாம் முன்னால் பேக்கப். பேக்கப் இல்லாத இடத்தில் பையைக்கூடத் திறக்க மாட்டார். சேத்தியாத்தோப்பில் ஒரு முதலாளி, "அதெல்லாம் வேணாம், சும்மா செய்யுங்க," என்றபோது அப்படியே எழுந்து அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தோம்.

இப்படி ஆறேழு வருடங்கள் ஓடின. நானும் தனியாகப் போய்ச் செய்யுமளவுக்குத் தேறினேன். ஆனாலும் கைகளின் மேல் உட்காரும் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

2011இல், அந்த வருடக் கடைசியில் வந்த புயலுக்குச் சில மாதங்கள் முன்னால், சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. பேச்சுப் பயிற்சிப் பிரிவில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். அதில் டிஸ்க் நிரம்பிவிட்டது. அந்தப் பிரிவை நடத்தியவர் நசீமா என்ற பயிற்சியாளர். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களை, ஆபரேஷனுக்கு முன்னால் கூட்டி வந்து அவர்களுடைய குரலைப் பதிவு செய்து வைப்பார். இது யாரும் சொல்லி அவர் செய்ததில்லை. அவராகவே தொடங்கியது.

"அப்புறம் என்னா மேடம் செய்வீங்க அதை?" என்று நசீமாவைக் கேட்டேன்.

"பயிற்சிக்குப் பயன்படும் சார். அதுவுமில்லாம, கொரலு போச்சுன்னா போனதுதான? ஒரு போட்டோவாவது வேணாமா?"

நாங்கள் போன அன்று காலையில்தான் எத்திராஜ் என்பவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் மீன் ஏலம் விடுபவர். அதனால் அன்று பதிவு அறை காலியாக இருந்தது, வேலைக்குத் தோதான நாள் என்று எங்களை வரச்சொல்லியிருந்தார்கள். அவருடைய மனைவி அமுதா, பதிவு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் தியேட்டர் பக்கம் கூட்டமாக இருக்கிறது, இங்கே மின்விசிறி ஓடுகிறது என்று நசீமாதான் அவரை அங்கே உட்கார வைத்திருந்தார்.

வேலை சுலபம் போலத்தான் தெரிந்தது. குரல்களெல்லாம் ஒரு தனி டிஸ்க்கில், முதல் பார்ட்டிஷனில் இருந்தன. அதற்குப் பின்னால் பழைய பில்லிங் மென்பொருளுக்காக ஒதுக்கிய இன்னொரு பார்ட்டிஷன், இப்போது யாருக்கும் தேவையில்லாமல் கிடந்தது. அதை எடுத்துவிட்டு முதல் அறையின் தடுப்பை டிஸ்க்கின் கடைசிவரை தள்ள வேண்டும். பெருசாக்கும் வேலை. முதலில் தட்டி, பிறகு சாமான்.

"பேக்கப்?" என்றார் மேடம்.

"போன வாரமே எடுத்தாச்சு," என்று நசீமா ஒரு வெளி டிரைவைக் கொடுத்தார். அதில் ஒரே ஒரு பெரிய பைல், எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டியது. மேடம் அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டார். பெயர்கள் மளமளவென்று ஓடின. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

இந்த வேலைக்குக் கம்ப்யூட்டரை அதன் சொந்த டிஸ்க்கில் இல்லாமல் ஒரு லினக்ஸ் சிடியில்தான் துவக்குவோம்; எங்கள் பழைய சிடி கீறல் விழுந்து படிக்க மறுத்ததால், அன்று ஒரு புது சிடி கொண்டுபோயிருந்தோம். அதில் கம்ப்யூட்டரைத் துவக்கினோம். தடுப்பை மாற்றும் முறை உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். பழைய பார்ட்டிஷனை அழித்துவிட்டு, அதே தொடக்க இடத்தில் புதிதாக ஒன்று போட வேண்டும். இது உள்ளே இருப்பதைத் தொடாது. எல்லை எங்கே என்று எழுதியிருக்கும் சின்னப் பலகையை மட்டும் மாற்றும். தொடக்கம் ஒரு மயிரிழைகூடப் பிசகக் கூடாது, முடிவை நகர்த்தலாம்.

மேடம் பழைய எல்லைகளின் பட்டியலைப் படித்தார். இரண்டு பார்ட்டிஷனையும் அழித்தார். புதிது போடச் சொன்னார். தொடக்கம் எங்கே என்று அது கேட்டு, வழக்கம்போல் ஒரு எண்ணை அதுவே காட்டியது. இத்தனை வருடங்களாக முதல் பார்ட்டிஷனுக்கு அது காட்டும் எண் சரியாகத்தான் இருந்திருக்கிறது. மேடம் அதையும் சத்தமாகப் படித்தார். நானும், "ஆமா, அதே எடம்," என்றேன். என்டர் அடித்தார். முடிவு, டிஸ்க்கின் கடைசி. எழுதச் சொன்னார். எழுதியது.

அடுத்து உள்ளே இருக்கும் அடுக்கு நலமா என்று சோதிக்க வேண்டும். சோதித்தார்.

இங்கே பைல் சிஸ்டமே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

மேடம் அந்த வரியைப் படித்தார். மறுபடி படித்தார். கீழே இன்னும் சில வரிகள் இருந்தன. இந்தக் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், வேறு நகலை வைத்துச் சரிசெய்யப் பார்க்கிறேன் என்று அதுவே யோசனை சொன்னது. நான் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க!" அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "அது நல்லது செய்யறேன்னு எதையாவது எழுதும். இப்ப எழுதவே கூடாது."

கைகளின் மேல் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"பேக்கப் இருக்கில்ல மேடம்," என்றேன், அவரைவிட எனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

இன்னொரு கம்ப்யூட்டரில் அந்த மூட்டையை மறுபடி திறந்தோம். இந்த முறை நிறுத்தாமல் கடைசிவரை ஓடவிட்டோம். பெயர்கள் ஓடி ஓடி, நடுவில் ஒரு இடத்தில், எதிர்பாராமல் பைல் முடிந்துவிட்டது என்று நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேடத்துக்கும் உடனே புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. அந்த வெளி டிரைவ் விண்டோஸுக்கென்று தயாரித்த பழைய முறையில் இருந்தது. அதில் ஒரு தனி பைல் நாலு ஜிபிக்கு மேல் வளர முடியாது. மூட்டை அந்த அளவை எட்டியதும் அப்படியே அறுபட்டிருக்கிறது. சமீபத்தில் பதிவு செய்தவர்கள் யாரும் அதில் இல்லை. எத்திராஜ் இல்லை.

நசீமா வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னாச்சு மேடம்?"

மேடம் எழுந்து அவரிடம் போனார். மறைக்கவில்லை. "நான் ஏதோ தப்பு பண்ணியிருக்கேன். என்னா தப்புன்னு இன்னும் தெரியல. பேக்கப்பும் பாதிதான் இருக்கு. கொஞ்சம் நேரம் குடுங்க."

"எத்திராஜோடது?" நசீமாவின் குரல் இறங்கிவிட்டது. அவர் கண் தானாக வெளியே பெஞ்சுப் பக்கம் போனது. "காலையில உள்ள போனவரு மேடம். இனிமே பேச வெக்க முடியாது."

மேடம் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் குழப்பத்தை நான் அன்றுதான் பார்த்தேன். அதைப் பார்த்து எனக்கு வந்தது வெறும் பயமில்லை, வேறு ஏதோ ஒன்று. சாலையில் நமக்கு முன்னால் நடப்பவர் திடீரென்று நின்று, "நாம எங்க போறோம்?" என்று திரும்பிக் கேட்டால் எப்படி இருக்கும்?

திரையை மேலே மேலே நகர்த்தினேன். செய்வதற்கு வேறொன்றும் தெரியாததால்தான். காலையில் அழிப்பதற்கு முன்னால் எடுத்த பட்டியல் மேலே இருந்தது. கீழே இப்போதைய பட்டியல்.

"மேடம், மேல அறுபத்து மூணுன்னு இருக்கு. கீழ ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டுன்னு இருக்கு."

அவர் உற்றுப் பார்த்தார். "காலையில நான் படிச்சனே அறுபத்து மூணுன்னு."

"படிச்சீங்க. அப்புறம் ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டும் படிச்சீங்க. நானும் கேட்டேன்."

"ரெண்டும் ஒரே எடமா இருக்குமோ? அது ஒரு அளவுல, இது ஒரு அளவுல?"

அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. பழைய சிடி டிஸ்க்கைப் பெரிய துண்டுகளாக எண்ணும், தொடக்கத்துக்கு எப்போதும் ஒன்று என்ற எண்ணையே காட்டும். இந்தப் புது சிடி வேறு மாதிரி, பொடிப் பொடியாக எண்ணுகிறது. அதனால்தான் காலையில் எண்கள் புதிதாக இருந்தபோது எங்களுக்கு உறுத்தவில்லை. எழுபத்து நாலும் எண்பதும் ஒன்றுதான் என்று ஒரு காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், இப்போது அறுபத்து மூன்றும் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டும் ஒன்றா என்று என்னைக் கேட்டார்.

"தெரியல மேடம்," என்றேன்.

மேடம் இரண்டு பட்டியலையும் முதல் வரியிலிருந்து ஒப்பிட்டார். பிறகு மேடம் திரையில் விரலை வைத்தார். "டிஸ்க்கோட மொத்த அளவு ரெண்டு பட்டியல்லயும் ஒரே நம்பர். அப்ப ரெண்டுமே ஒரே அளவுலதான் எண்ணியிருக்கு. அப்ப எடம் வேற வேறண்ணே. நாம கதவ மாத்தி வெச்சிட்டோம்."

அவ்வளவுதான் நடந்தது. புதிய முறையில் முதல் பார்ட்டிஷனை இரண்டாயிரத்து நாற்பத்தெட்டில் தொடங்க வேண்டும் என்று யாரோ எங்கோ மாற்றியிருக்கிறார்கள். பழையது அறுபத்து மூன்று. சாமானெல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தது. நாங்கள்தான் கதவைத் தள்ளி வைத்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுபடி அழித்து அறுபத்து மூன்று என்று அடித்தார். எல்லைக்கு வெளியே இருக்கிறது, ஏற்க முடியாது என்றது. இன்னொரு தடவை அடித்தார். அதே பதில். காலைவரை இருந்த இடம் இப்போது இல்லவே இல்லை என்று ஒரு இயந்திரம் அடித்துச் சொன்னால் என்ன செய்வது? எதையும் எழுதாமல் அந்த மென்பொருளிலிருந்து வெளியே வந்தார்.

"எழுதவும் வேணாம் ஒண்ணும் வேணாம். எட்டிப் பாப்போம்," என்றார். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, டிஸ்க்கின் இந்த இடத்திலிருந்து படி என்று நேரடியாகச் சொல்ல ஒரு வழி உண்டு. படிக்க மட்டும், எழுத முடியாதபடி. அதற்கு இடத்தைப் பைட் கணக்கில் சொல்ல வேண்டும். அந்தப் பொடித் துண்டு ஒவ்வொன்றும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட் என்பதால், அறுபத்து மூன்றை ஐந்நூற்றுப் பன்னிரண்டால் பெருக்கினார். நானும் தனியாகப் பெருக்கினேன். இரண்டு விடையும் ஒன்றாக வந்தது. அடித்தார். கையை அடியில் வைத்துக்கொண்டு படித்தார்.

"இப்ப என்டர் அடிச்சா என்னா நடக்கும், சொல்லுங்கண்ணே."

"இருந்தா தெரியும் மேடம். இல்லன்னா இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவாது."

அடித்தார். பட்டியல் கேட்டார். பெயர்கள் வந்தன, வரிசையாக, நோயாளிகளின் பெயர்கள். கடைசிக்கு முன்னால் எத்திராஜ்.

மேடம் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. அந்த வெளி டிரைவை எடுத்து, இந்த முறை மூட்டை கட்டாமல் ஒவ்வொரு பைலாக நகல் எடுக்கத் தொடங்கினார். முடிந்ததும், "கடைசியா வந்தத தொறந்து பாருங்கண்ணே. பேரு இருந்தா போதாது, ஓடணும்," என்றார்.

எத்திராஜின் பைல்களில் ஒன்றைத் திறந்தேன். ஒலிபெருக்கி முழு அளவில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

"கூட எறா! கூட எறா! யாரு கேக்கறது, நல்லா கேளு!" என்று இறால் கூடையை ஏலம் விடும் ஒரு குரல் அறையை உடைத்துக்கொண்டு வந்தது. கரகரப்பு இருந்தாலும் அது சந்தையையே அடக்கக்கூடிய குரல். நசீமா சிரித்துவிட்டார். "புத்தகத்தப் பாத்துப் படிங்கன்னு சொன்னேன், அவரு ஏலம் விட்டுட்டாரு. சரி, வீட்ல என்னா பேசுவீங்களோ அதப் பேசுங்கன்னேன்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏலம் முடிந்து குரல் தணிந்தது. ஒரு இருமல். பிறகு, "அமுதா... ஏ அமுதா, எங்க போய்த் தொலஞ்ச?"

"தோ வந்துட்டன்!"

வெளியே பெஞ்சிலிருந்து எழுந்த சத்தம். கதவு திறந்தது. அமுதா உள்ளே வந்து, எங்கள் மூவரையும் பார்த்து, அறையின் மூலைகளைப் பார்த்து, திகைத்து நின்றார்.

"எங்க அவரு? உள்ளதான கொண்டு போனாங்க? ஆப்ரேசன் வேணான்னு வந்துட்டாரா?"

நான் நிறுத்தக் கையை நீட்டினேன்.

"நிறுத்தாதீங்க சார்," என்றார் அமுதா. எங்கிருந்து குரல் வருகிறது என்று அப்போது அவருக்குப் புரிந்திருந்தது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றது குரல். அதற்கு அவர், "அன்னிக்கு ஒரு நாளுதான்," என்று மெதுவாகப் பதில் சொன்னார்.

பிற்பகலில் அந்தப் புதிய சிடியின் உதவிப் பக்கத்தை முழுவதும் படித்து, ஒற்றை எழுத்தில் பழைய முறைக்கு மாற ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்தோம். பிறகு அறுபத்து மூன்றை அது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. தடுப்பு சரியான இடத்தில் உட்கார்ந்தது, சோதனை ஓடியது, அடுக்கு விரிந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்ததாக நசீமா வந்து சொன்னார். பழைய எண் ஏன் அறுபத்து மூன்று, புதியது ஏன் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு என்று பிறகு மேடம் எனக்கு விளக்கினார். தலையாட்டினேன். இன்றுவரை எனக்கு அது முழுதாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த வருடம், நான் வேலையை விடுவதற்கு முன்னால், அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பிரிண்டர் வேலையாகப் போனேன். எத்திராஜ் பயிற்சிக்கு வந்திருந்தார். கழுத்தில் துணி கட்டியிருந்தார். நசீமாவோடு உள்ளே இருந்தார். வெளியே அமுதா. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அவரு கொரல போட்டு நசீமா மேடம் குடுத்த சிடிய கேக்கறீங்களாம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

"போட்டா அவரு எழுந்து வெளிய போயிடறாரு சார். எனக்கும் ஒண்ணும் புரியல, கேக்கலாமா கூடாதான்னு. அவரு கடைப்பக்கம் போனப்புறம் சன்னமா வெச்சுக் கேப்பேன்."

அன்று அத்தனை பாடுபட்டு எடுத்தது இவர்களுக்கு நல்லதா, வேதனையா என்று தெரியாமல் நின்றேன். அமுதா கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன வாரம் திரும்பிப் பாக்கறேன், கடைக்குப் போன மனுசன் வாசல்ல செருப்பக்கூடக் கழட்டாம நின்னு கேட்டுக்கினு இருக்காரு. ஏலம் வுட்டாரு பாருங்க, அந்த எடம். வாயி அசையுது அவருக்கு. நான் பாத்தத அவரு பாக்கல சார். நானும் திரும்பிக்கினு, சவுண்ட மட்டும் கொஞ்சம் ஏத்தி வெச்சேன்."